கண்ணும் வேண்டும், கணக்கும் வேண்டும்



சென்ற இதழில் மழைக்கால இருமலுக்குக் கைமருந்து எழுதியிருந்தேன். செய்து பார்த்துப் பலன் கிடைத்ததாகச் சில பேர் எழுதியிருந்தீர்கள். சந்தோஷம். இந்த முறை மருந்தும் இல்லை, சமையல் குறிப்பும் இல்லை. நாம் குடியிருக்கிற ஊரைப் பற்றி ஒரு விஷயம். "நமக்கேன் அதெல்லாம்?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். வீட்டு வாசலிலிருந்துதான் ஆரம்பிக்கப் போகிறேன்.

புள்ளியும் கோடும்

காலையில் வாசல் தெளித்ததும் கோலத்துக்கு முதலில் என்ன செய்கிறோம்? புள்ளி வைக்கிறோம். 15 புள்ளி, ஊடு புள்ளி, நேர்ப் புள்ளி என்று கணக்கு. ஒரு புள்ளி தப்பினாலும் கோலம் ஒரு பக்கம் கோணிக்கொள்ளும். கணக்கு சரியானால்தான் கை வளைந்து வளைந்து கோடு இழுக்கிறது. புள்ளி கணக்கு, கோடு கலை. இரண்டில் எது கோலம் என்று கேட்டால் என்ன சொல்வது?

இது என் கற்பனை இல்லை. தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த கிஃப்ட் சிரோமணி, அவர் மனைவி ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் ஆகிய மூவரும் நம் கோலங்களை ஆராய்ந்து 1974-ல் கட்டுரை வெளியிட்டார்கள். கம்ப்யூட்டர் விஞ்ஞானத்துக்கே உதவுகிற கணக்கு நம் பாட்டிமார் விரல்நுனியில் இருந்திருக்கிறது! அந்தக் கோலத்தை அரிசி மாவில் போட்டால் எறும்புக்கும் அணிலுக்கும் சாப்பாடு. அழகு, கணக்கு, பிற உயிர்களுக்கு உபகாரம், மூன்றும் ஒரே வாசலில்.

இந்த மூன்றும் வாசலோடு நின்றுவிடாமல் தெருவுக்கும் ஏரிக்கும் போக வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வந்தது. போகாததால் என்ன ஆயிற்று என்று எங்கள் தென்சென்னையை வைத்தே சொல்கிறேன்.

மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்த இடம்

பள்ளிக்கரணை என்றால் ரொம்ப நாள் வரைக்கும் எங்கள் பக்கத்து ஜனங்களுக்குக் குப்பை மேடுதான் ஞாபகம் வரும். பஸ் அந்தப் பக்கம் திரும்பினால் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வோம். ஆனால் அது குப்பைக்காக ஏற்பட்ட இடமா? சதுப்பு நிலம். பழைய நாளில் கழுவெளி என்று சொல்வார்கள். சுற்றுவட்டாரத்தில் சுமார் 250 சதுர கிலோமீட்டரில் பெய்கிற மழை ஏரி ஏரியாக நிரம்பி, வழிந்து, கடைசியில் இங்கே வந்து தங்கும். பிறகு ஒக்கியம் மடுவு வழியாக மெல்ல மெல்லக் கடலுக்குப் போகும். தரையில் பால் கொட்டினால் நாம் துணியைப் போட்டு உறிஞ்ச வைக்கிறோம் இல்லையா, ஊருக்கு அந்தத் துணி இந்தச் சதுப்புதான்.

1965 வாக்கில் 5,000 ஹெக்டேருக்கு மேல் இருந்த இடம் இது. குப்பை, ரோடு, கட்டடம் என்று ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்து, பெரும் பகுதி போயே போயிற்று. துணியைக் கிழித்து எறிந்துவிட்டுப் பாலைக் கொட்டினால் எங்கே போகும்? 2015 டிசம்பரில் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் தெருவிலே படகு போயிற்று. கைக்குழந்தையையும் பால் பவுடர் டப்பாவையும் தூக்கிக்கொண்டு மொட்டைமாடியில் உட்கார்ந்திருந்த தாய்மார் எத்தனை பேர்! நாலு வருஷம் கழித்து, 2019 கோடையில், அதே தெருக்களில் தண்ணீர் லாரிக்குப் பிளாஸ்டிக் குடங்கள் வரிசை கட்டி நின்றன. மழை பெய்தால் மூழ்குவது, பெய்யாவிட்டால் தவிப்பது. தேக்கி வைக்கிற இடத்தைத் தூர்த்துவிட்டால் இரண்டும்தான் வரும்.

இத்தனையும் ஒரே நாளில் நடக்கவில்லை. நம் கண்ணெதிரில், பத்து இருபது வருஷமாக நடந்தது. ஏன் யாரும் தடுக்கவில்லை? அது நிலமும் இல்லை, ஏரியும் இல்லை, உபயோகமில்லாத சேறு என்று நினைத்தோம். பார்த்துக்கொண்டே இருந்தோம், ஆனால் கண்ணுக்குத் தெரியவில்லை.

அப்புறம் இரண்டு விதமான மனிதர்கள் அங்கே போக ஆரம்பித்தார்கள். ஒரு சாரார் நோட்டுப் புத்தகத்தோடு போய், எத்தனை வகைப் பறவை, என்ன மீன், என்ன செடி என்று கணக்கெடுத்தார்கள். இன்னொரு சாரார் காமிராவோடு போனார்கள். ரோஜா நிறத்தில் பூநாரைகள் கூட்டமாக நிற்கிற படத்தைப் பத்திரிகையில் பார்த்தபோதுதான் பல பேருக்கு, "அடேயப்பா, இது நம்ம பள்ளிக்கரணையா?" என்று தோன்றியது. படம் ஆசையை உண்டாக்கியது. கணக்கு அந்த ஆசைக்கு ஆதாரம் கொடுத்தது. 2007-ல் வனத்துறை 317 ஹெக்டேரைக் காப்புக் காடாக அறிவித்தது. 2022-ல் சுமார் 1,248 ஹெக்டேர் ராம்சார் தலம் ஆயிற்று. ஈரான் நாட்டில் ராம்சார் என்ற ஊரில் 1971-ல் பல நாடுகள் கூடி, ஈர நிலங்களைக் காப்போம் என்று ஒப்பந்தம் போட்டன. அந்தப் பட்டியலில் நம் சதுப்பும் சேர்ந்துவிட்டது. மிச்சம் இருக்கிறதைக் காப்பாற்றுகிற பொறுப்பு இனிமேல்தான் ஜாஸ்தி.

பட்டணத்துப் பறவைகளை வரைந்த பெண்மணி

கலையும் விஞ்ஞானமும் இப்படிக் கை கோப்பது நம் ஊருக்குப் புதிது இல்லை. 1801-ல் சென்னைப் பட்டணத்து சுப்ரீம் கோர்ட்டுக்கு நீதிபதியாக ஹென்றி க்வில்லிம் என்ற வெள்ளைக்காரர் வந்தார். கூட அவர் மனைவி எலிசபெத்தும், மனைவியின் தங்கையும் வந்தார்கள். துரைசானியம்மாள் விருந்து, நடனம் என்று பொழுதைக் கழித்திருந்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். எலிசபெத் தூரிகையைக் கையில் எடுத்தார். தெலுங்கு கற்றுக்கொண்டார். பட்டணத்துப் பறவைகளை உயிரோடு எதிரே வைத்துக்கொண்டு, பலவற்றை நிஜ அளவிலேயே வரைந்தார். இறகு ஒவ்வொன்றும் எந்த வரிசையில், எந்த நிறத்தில் இருக்கிறது என்று அத்தனை துல்லியம். இன்றைக்கு இருக்கிற நிபுணர்கள் அந்தப் படத்தைப் பார்த்தே, இது இன்ன பறவை என்று சொல்லிவிடுகிறார்கள்.

1807 டிசம்பரில் அவர் சென்னையிலேயே காலமானார். படங்கள் எங்கோ போய்விட்டன. 1924-ல் லண்டனில் ஒரு கண் டாக்டர் அவற்றைக் கண்டெடுத்து வாங்கி, கனடாவில் உள்ள மக்கில் பல்கலைக்கழகத்தில் சேர்த்தார். 120-க்கு மேற்பட்ட பறவைப் படங்கள் அங்கே பத்திரமாக இருக்கின்றன. உலகப் புகழ் பெற்ற அமெரிக்கப் பறவை ஓவியர் ஆடுபான் தன் புத்தகத்தை வெளியிட ஆரம்பித்தது 1827-ல். நம் ஊர்ப் பெண்மணி அதற்கு இருபது வருஷம் முந்தியவர்!

யோசித்துப் பாருங்கள். இருநூறு வருஷத்துக்கு முன்னால் இந்தப் பட்டணத்தில் என்னென்ன பறவைகள் இருந்தன என்று தெரிந்துகொள்ள இன்றைக்கு அந்தப் படங்கள் சாட்சி. அழகுக்காக வரைந்தது சரித்திர ஆவணம் ஆகிவிட்டது. உள்ளதை உள்ளபடி வரைந்ததால்தான் அந்த மதிப்பு. இறகின் நிறத்தைத் தன் இஷ்டத்துக்கு மாற்றியிருந்தால், சுவரில் மாட்டுகிற படமாக மட்டும் இருந்திருக்கும்.

கணவரிடம் பாடம், மனைவியிடம் வர்ணம்

இன்னொருவர் நம்மவர். மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். 1912-ல் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தபோது ஃபைசன் என்ற தாவரவியல் பேராசிரியரிடம் பாடம் கேட்டார். அவரோடு நீலகிரிக்கும் கோடைக்கானலுக்கும் செடிகொடி பார்க்கப் போவாராம். அந்தப் பேராசிரியரின் மனைவியிடம் வாட்டர்கலர் தீட்டுகிற நுணுக்கங்களைக் கற்றுக்கொண்டார். கணவரிடம் விஞ்ஞானம், மனைவியிடம் கலை! ஒரே வீட்டில் இரண்டு பாடம்.

1950-ல் ஸ்டேட்ஸ்மன் என்ற கல்கத்தா ஆங்கிலப் பத்திரிகையில் இயற்கையைப் பற்றி இரண்டு வாரத்துக்கு ஒரு முறை எழுத ஆரம்பித்து, 1996-ல் காலமாகும் வரை 46 வருஷம் எழுதினார். படமும் அவரே வரைவார். காட்டு யானை, புலி பற்றி மட்டும் இல்லை. காக்காய், அணில், ஓணான், மைனா என்று நம் கொல்லைப்புறத்தில் திரிகிறவைகளுக்கும் அதே மரியாதை கொடுத்தார். வெளிநாட்டுப் பகட்டு மரங்களை விட்டுவிட்டு நம் மண்ணின் மரங்களை வையுங்கள் என்று விடாமல் சொன்னவர். தமிழிலும் எழுதியிருக்கிறார். 'மழைக்காலமும் குயிலோசையும்' என்று புத்தகமாக வந்திருக்கிறது. லைப்ரரியில் கிடைத்தால் விடாதீர்கள்.

ஒரு வசைச் சொல்லுக்கு வந்த கௌரவம்

இதையெல்லாம் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தபோது என் வீட்டுக்காரர், "படம் வரைஞ்சா ஏரி நிரம்பிடுமா? பாட்டுப் பாடினா ஆக்கிரமிப்பு போயிடுமா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பாட்டு வாய்க்காலை வெட்டாது. ஆனால் வாய்க்காலை மூடுகிறவனைப் பார்த்து நாலு பேர் கேள்வி கேட்கிற மனசைக் கொடுக்கும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். "புறம்போக்கு" என்ற சொல்லை நாம் எப்போது உபயோகிக்கிறோம்? யாரையாவது திட்டும்போதுதானே! உண்மையில் அது வசவு இல்லை. தீர்வைக்கு உட்படாமல், ஊர்ப் பொதுவுக்கு என்று விட்ட நிலம். ஏரி, குளம், வாய்க்கால், மேய்ச்சல் தரை எல்லாம் அதில் சேரும். பொதுச் சொத்தின் பெயர் எப்போது வசவாக மாறியதோ, அப்போதே அந்த நிலத்தின் மதிப்பும் போயிற்று.

2017 ஜனவரியில் கர்நாடக சங்கீத வித்வான் டி.எம். கிருஷ்ணா, "சென்னை புறம்போக்குப் பாடல்" என்று ஒன்றைப் பாடி வெளியிட்டார். எழுதியவர் கபேர் வாசுகி. பேச்சுத் தமிழ் வார்த்தைகள், ஆனால் ராகமாலிகை. சபா மேடையில் இல்லை, எண்ணூர்க் கழிமுகத்துச் சகதியிலும் சாம்பலிலும் நின்றுகொண்டு பாடினார். எண்ணூர்க் கழிமுகம் பற்றி அறிக்கைகள் எத்தனையோ வந்திருந்தன. அனல் மின் நிலையச் சாம்பல், அடைபட்ட நீர்வழி, குறைந்துபோன மீன், இறால் எல்லாம் அதில் உண்டு. அறிக்கை படிக்காத ஆயிரக்கணக்கான பேர் அந்தப் பாட்டைக் கேட்டுத்தான் எண்ணூர் எங்கே என்று விசாரித்தார்கள்.

அதனால் எண்ணூர் கஷ்டம் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து அந்தக் கழிமுகத்தில் பரவியது. கூழைக்கடாக்கள் இறகெல்லாம் எண்ணெயாக நின்ற கோலத்தைப் பார்த்தோம். மீனவப் பெண்கள் பிழைப்பு இல்லாமல் தவித்தார்கள். ஆனால் அன்றைக்கு எண்ணூர் என்றதும், அது எங்கோ மூலையில் இருக்கிற ஊர் என்று பல பேர் நினைக்கவில்லை. அந்த வித்தியாசம் பெரிது.

அழகு மட்டும் போதுமா?

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. கணக்கு இல்லாத அழகு கெடுதலும் செய்யும். "ஏரியை அழகுபடுத்துகிறோம்" என்று பல ஊர்களில் என்ன செய்கிறார்கள்? கரையைச் சுற்றிச் சிமெண்டு, நடைபாதைக்கு டைல்ஸ், நடுவில் நீரூற்று, ராத்திரி கலர் விளக்கு. குழந்தைகளோடு போய் ஐஸ்கிரீம் சாப்பிட நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மண் கரை இருந்தால்தானே மீன்கொத்தி பொந்து குடைந்து முட்டையிடும்? நீர்ச் செடிகள் இருந்தால்தானே முக்குளிப்பான் மிதக்கிற கூடு கட்டும்? கோரையையும் நாணலையும் "களை" என்று வழித்தெடுத்துவிட்டால், பார்க்க ஏரி, உள்ளே வெறும் தொட்டி.

பூங்காவும் அப்படித்தான். கத்தரித்த புல்தரைக்குத் தினமும் தண்ணீர் கொட்டுகிறோம். ஒரு பட்டாம்பூச்சி முட்டையிட அங்கே செடி இருக்காது. கண்ணுக்கு அழகு எது, உயிருக்கு ஆதாரம் எது என்று சொல்ல விஞ்ஞானம் வேண்டும். விஞ்ஞானம் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க வைக்கக் கலை வேண்டும்.

கறிவேப்பிலைச் செடியில் ஒரு பாடம்

எதிர் வீட்டில் ஒரு இளம் தாய். நாலு வயசுப் பையன். போன மாதம் ஒரு நாள் அவசரமாக வந்தாள்.

"அக்கா, கறிவேப்பிலைச் செடியெல்லாம் புழுவா இருக்கு. மருந்து ஏதாவது இருக்கா? அடிச்சுடறேன்."

"இரும்மா, பார்ப்போம்" என்று போனேன். இலை மேல் காக்காய் எச்சம் மாதிரி கறுப்பும் வெள்ளையுமாக ஒட்டிக்கொண்டிருந்தது. "இது எச்சம் இல்லை. பட்டாம்பூச்சியோட குழந்தை. பறவை தின்னுடாம இருக்க எச்சம் மாதிரி வேஷம் போடுது" என்றதும் பையன் கண்ணை அகல விரித்துக்கொண்டான். இன்னும் கொஞ்சம் பெரிசான புழு பச்சையாக இருந்தது. துடைப்பக் குச்சியால் லேசாகத் தொட்டேன். தலைக்குப் பின்னாலிருந்து பாம்பு நாக்கு மாதிரி இரண்டாகப் பிரிந்த ஒன்றை வெளியே நீட்டியது, ஒரு வாடையோடு. பையன் கைதட்டிக் குதித்தான்.

"மருந்து வேண்டாம். இரண்டு கிளையை அதுக்கு விட்டுடு. மிச்சத்தை நீ ரசத்துக்குப் பறிச்சுக்கோ" என்றேன். ஒரு பழைய டைரியைக் கொடுத்து, "தினமும் அது எவ்வளவு நீளம் இருக்குன்னு ஸ்கேல் வெச்சுப் பாரு. பார்த்ததை அப்படியே வரை" என்று பையனிடம் சொன்னேன். தேதியை அம்மா எழுதினாள், படத்தை அவன் வரைந்தான். முட்டையிலிருந்து பட்டாம்பூச்சியாகப் பறக்க மூன்று நாலு வாரம்தான். பறந்த அன்றைக்கு என் வீட்டுக் கதவைத் தட்டி அழைத்துப் போனான். மருந்து அடித்திருந்தால் இந்தச் சந்தோஷம் கிடைத்திருக்குமா? அதே இலையைத்தானே குழந்தைக்குக் குழம்பிலும் போடுகிறோம்!

நாம் செய்யக்கூடியவை

செலவில்லாத சில வழிகளைச் சொல்கிறேன்.

தெருவில் ஒரு மரத்தைக் குழந்தைக்கு "உன் மரம்" என்று சொல்லிவிடுங்கள். புங்கையோ வேம்போ, எதுவானாலும் சரி. மாதத்துக்கு இரண்டு தரம் அதை வரையச் சொல்லுங்கள். துளிர், பூ, காய், எந்தத் தேதியில் எது என்று பக்கத்திலேயே எழுதட்டும். இரண்டு வருஷத்து நோட்டைப் புரட்டினால், இந்த வருஷம் பூ முந்தியதா பிந்தியதா என்று உங்களுக்கே தெரியும். விஞ்ஞானிகள் செய்வதும் இதுதான். ரோடு போட மரத்தை வெட்ட வந்தால், அந்த நோட்டு வைத்திருக்கிற குழந்தை சும்மா இருக்காது.

இடம் இருந்தால் கறிவேப்பிலை, எலுமிச்சை, எருக்கு, அரளி இவற்றில் ஒன்று வையுங்கள். இவற்றில் பட்டாம்பூச்சிகள் முட்டையிடும். எருக்கும் அரளியும் விஷம், குழந்தைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தவழுகிற குழந்தை இருக்கிற வீட்டில் முதல் இரண்டு போதும்.

வாரத்துக்கு ஒரு நாளாவது கோலத்துக்குக் கல்மாவை விட்டு அரிசி மாவை எடுங்கள்.

உங்கள் தெருப் பெயர், ஊர்ப் பெயர் எதிலிருந்து வந்தது என்று குழந்தைகளோடு சேர்ந்து தேடுங்கள். சென்னையில் புரசைவாக்கத்துக்குப் புரச மரத்தால் வந்த பெயர். அங்கே கங்காதீஸ்வரர் கோயிலில் தல விருட்சமும் அதுதான். உங்கள் ஊர்ப் பெயரிலும் ஒரு மரமோ ஏரியோ ஒளிந்திருக்கும். அது இன்னும் இருக்கிறதா என்று போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

கடைசியாக ஒன்று. பொங்கலுக்கு மறுநாள் கனுப்பிடி வைக்கிற வழக்கம் நம்மில் பல வீடுகளில் உண்டு. மஞ்சள் இலையில் மஞ்சள் சாதம், சிவப்புச் சாதம், தயிர் சாதம் என்று வரிசையாக வைத்து, கூடப் பிறந்தவர்கள் நன்றாக இருக்க வேண்டும் என்று காக்காய்க்கும் குருவிக்கும் படைக்கிறோம். அதே பொங்கல் நாட்களில்தான் 2015-லிருந்து தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். பெரிய படிப்பு வேண்டியதில்லை. மாடியிலோ தோட்டத்திலோ ஏரிக்கரையிலோ குறைந்தது 15 நிமிஷம் நின்று, என்ன பறவை, எத்தனை என்று எண்ணி, செல்போன் மூலம் அனுப்பிவிடலாம்.

வருகிற பொங்கலுக்குக் கனுப்பிடி வைத்தவுடன் கீழே இறங்கி வந்துவிடாதீர்கள். குழந்தைகளையும் உட்கார வைத்துக்கொண்டு கால் மணி நேரம் இருங்கள். காக்காய் எத்தனை, மைனா எத்தனை, அணில் வந்ததா, பெயர் தெரியாத பறவை வந்தால் அதன் மூக்கு எப்படி, வால் எப்படி என்று வரைந்துகொள்ளுங்கள். உங்கள் மாடிக்கு என்னென்ன வந்தன என்று எனக்கும் எழுதுங்கள். குழந்தைகள் வரைந்த படத்தையும் சேர்த்து அனுப்பினால் இன்னும் சந்தோஷம்.